1.75 வேகத்தில் கேட்டால் வாசிப்பவர் யாராக இருந்தால் என்ன?

வேகக்காது · ஜூன் 4, காலை 7.10

ஒலிநூல்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் நரேட்டர் குரல்லதான் போய் நிக்கிறீங்க. என் கட்சி இது: 1.75 வேகத்துல வச்சா எல்லாக் குரலும் ஒண்ணுதான். கதை நல்லா இருந்தா ஓடும், இல்லன்னா நிக்கும். வாசிக்கிறவருக்குத் தனியா நட்சத்திரம் போடுறதெல்லாம் சும்மா. இப்ப காதுல ஓடுறது ஒரு மொழிபெயர்ப்புத் துப்பறியும் நாவல், 10 மணி நேரம். யார் வாசிக்கிறார்னு கேட்டீங்கன்னா ஆப்பைத் திறந்து பாத்துதான் சொல்லணும்.

மைக்முன்னாடி · ஜூன் 4, காலை 7.55

யார்னு தெரியாமலே கதைக்குள்ள போயிட்டீங்கன்னா அந்த ஆள் வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கார். அதுக்குத்தான் நட்சத்திரம். போட்டுட்டு வாங்க.

ஒற்றுப்பிழை · ஜூன் 4, காலை 9.25

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 10 மணி நேர நூலை 1.25-இல் வைத்தால் 8 மணி. 1.5-இல் 6 மணி 40 நிமிடம். 1.75-இல் 5 மணி 43 நிமிடம். 2-இல் 5 மணி. முதல் ஏற்றத்தில் 2 மணி நேரம் மிச்சமாகிறது. 1.5-இலிருந்து 1.75-க்கு ஏறினால் கிடைப்பது 57 நிமிடம், அதற்கு அடுத்த படியில் 43. காது படும் பாடு மட்டும் படிக்குப் படி கூடிக்கொண்டே போகும்.

அடுத்தது, ஆப் எப்படி வேகம் கூட்டுகிறது என்பது. பழைய டேப்பை வேகமாகச் சுற்றினால் குரல் கீச்சென்று ஏறுமே, அப்படி இப்போது ஏறுவதில்லை. ஒலியை நொடியில் நூற்றில் சில பங்கு அளவுள்ள துணுக்குகளாக வெட்டி, இடையிடையே சிலவற்றைக் கழித்து, மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுகிறது. சுருதி மாறாது. ஆனால் கழித்தது கழித்ததுதான். ஒவ்வொரு எழுத்தையும் முழுசாகச் சொல்லும் வாசிப்பாளரிடம் கழித்தபின்பும் சொல் நிற்கும். "இருந்திருக்கிறது" என்பதன் நடுப்பாகத்தை விழுங்குகிறவரிடம் கழிக்க மிச்சமே இல்லை.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை என்று பள்ளியில் படித்த கணக்குத்தான். வேகம் கூட்டும்போது எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் 1:2 அப்படியே இருக்க வேண்டும். வாசிப்பவர் அந்த 1:2-ஐக் கொடுத்திருந்தால் இருக்கும். பலர் நெடிலைக் குறிலைவிடக் கொஞ்சம்தான் நீட்டுகிறார்கள், "பாட்டு" என்பதன் ட்-ஐத் தேய்த்து "பாடு" பக்கம் கொண்டுபோகிறார்கள். 1.0-இல் சூழலை வைத்து மூளை சரிசெய்து கொள்கிறது. 1.75-இல் அப்படிச் சரிசெய்ய அவகாசம் கிடையாது, அடுத்த வாக்கியம் வந்துவிடும்.

ஆக, வேகம் கூட்டினால் நல்ல வாசிப்பாளர் யாரென்று தெரியாமல் போகலாம். மோசமான வாசிப்பாளர் நன்றாகவே தெரிவார்.

ஒற்றுப்பிழை · ஜூன் 4, இரவு 10.40

காலைக் குறிப்புக்கு ஓர் ஒட்டு. வேகத்தோடு சேர்த்து இன்னொரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள், 'மௌனத்தைத் தவிர்' என்ற பொருளில் ஏதாவது. என் பார்வையில் 1.75-ஐவிட அதிகம் கெடுப்பது அதுதான். வேகம் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கும். இந்தப் பொத்தான் இடைவெளியை மட்டும் பிடித்துக் கத்தரிக்கும். பத்தி முடிவில் வாசிப்பவர் விட்ட ஒன்றரை நொடியும், காட்சி மாறும் இடத்தில் விட்ட மூன்று நொடியும், காற்புள்ளியில் விட்ட அரை நொடியும் ஒரே நீளத்துக்கு வந்துவிடும். துப்பறியும் நாவலில் "கதவு திறந்தே இருந்தது" என்பதற்குப் பிறகு வரும் இடைவெளிக்குத்தானே அந்த வாக்கியத்தையே எழுதினார்கள்.

வேகக்காது · ஜூன் 5, காலை 6.50

அது ஆன்லதான் இருக்கு. ஆப் வாங்கின நாள்ல இருந்தே. ஆஃப் பண்ணா எவ்வளவு நேரம் கூடும்?

ஒற்றுப்பிழை · ஜூன் 5, காலை 8.15

அது வாசிப்பவரைப் பொறுத்தது. சில ஆப்களில் 'இதுவரை மிச்சமான நேரம்' என்று புள்ளிவிவரப் பக்கத்தில் காட்டும், அதைப் பாருங்கள். ஒரே நூலில் ஓர் அத்தியாயத்தை இப்படியும் அடுத்ததை அப்படியும் கேளுங்கள். வித்தியாசம் காதுக்கே தெரியும்.

இடைவெளி பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு வாசிப்பாளரை எடைபோடுவது குரலை வைத்தல்ல, எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதை வைத்து. தமிழில் ஒற்று மிகும் இடம் எல்லாம் 'இங்கே நிறுத்தாதே' என்ற பலகை. "அந்தப் பெரிய வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினான்" என்பதில் நிற்க இடமே இல்லை, ஒரே மூச்சு. "வீட்டை" என்று நிறுத்தி மூச்சு வாங்கி "சுற்றி" என்று தொடங்கினால் ச் காணாமல் போகும். "வீட்டைச்" என்று சொல்லிவிட்டு நின்றால் ச் அந்தரத்தில் தொங்கும். அச்சில் ஒற்றைப் பார்த்தவுடனே மூச்சை முன்கூட்டி எடுத்துக்கொள்கிறவர் தேர்ந்தவர்.

இலக்கண வகுப்பில் சொல்லும் "வேலை கொடு", "வேலைக் கொடு" எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்று உத்தியோகம், இன்னொன்று ஆயுதம். சரித்திர நாவல் வாசிக்கிறவர் அந்த க்-ஐ விட்டால் தளபதி வேலைவாய்ப்பு கேட்டு வந்தவர் ஆகிவிடுவார்.

ஒற்றைவிடப் பெரிய சோதனை, வினை கடைசியில் வருவது. இந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: "அந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாமல் பெட்டியின் அடியிலேயே வைத்திருந்தான் என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை." முன்கூட்டிப் படிக்காமல் மைக் முன் உட்கார்ந்தவர் "வைத்திருந்தான்" வரை அதை நடந்த சம்பவமாகவே அறிவிப்பார். அப்புறம் "என்று" வரும், தடுமாறுவார். "நம்பவில்லை" வரும், கீழே விழுவார். முழுவதும் படித்தவர் முதல் சொல்லிலிருந்தே அவள் சொன்னதாக, அதுவும் நம்பப்படாத ஒன்றாகக் குரலை வைத்துக்கொண்டு வருவார். உரையாடலிலும் இதே கதைதான். "போய்விட்டு வா" என்று உரக்கச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் "என்று முணுமுணுத்தாள்" என்று கண்டுபிடிப்பவர்கள் நிறைய.

அலைவடிவம் · ஜூன் 6, பிற்பகல் 3.30

எடிட்டிங் பக்கத்திலிருந்து. நீங்கள் நரேட்டர் தலையில் போடும் பழி பாதி எங்களுடையது. காதில் விழும் குறையும் அதன் காரணமும்:

வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே போன் லைன் கட் ஆனது மாதிரி சூனியம் வந்தால், நாய்ஸ் கேட் போட்டிருக்கிறார்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் ஒலியை அது முழுசாக அடைத்துவிடும். ஹெட்போனில் அறையின் சன்னமான இரைச்சல் வந்து வந்து போவது இரைச்சலைவிட எரிச்சல். சரியான முறை: பதிவு தொடங்கும் முன் யாரும் பேசாமல் அந்த அறையையே ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்வது. வெட்டிய இடங்களில் அந்தத் துண்டை ஒட்ட வேண்டும். ரூம் டோன் என்பது அதைத்தான். மூச்சொலியை முழுசாக அழிக்கக் கூடாது, 6 முதல் 10 டெசிபல் இறக்கினால் போதும். அழித்தால் இயந்திரம் பேசுவது போலாகிவிடும்.

நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் வேறு அறையிலிருந்து வந்தது போலக் கேட்டால் அது பிக்கப். தவறாக வாசித்த வரியை வேறு நாளில் திரும்ப வாசித்து ஒட்டியது. மைக் தூரம் மாறியிருக்கும், குரல் அன்றைக்குக் கனத்திருக்கும். வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 செ.மீ. என்று ஒரு தூரம் வைத்து, அதைக் குறித்து வைக்க வேண்டும். பிக்கப் வாசிக்கும் முன் பழைய பதிவில் முந்தைய பத்து நொடியை ஹெட்போனில் ஓட்டிவிட்டு அதே ஓட்டத்தில் உள்ளே நுழைய வேண்டும். பதிவு செய்யும்போதே தப்பு வந்தால் உடனே சில நொடி பின்னால் போய், அதைக் கேட்டுக்கொண்டே தொடரும் முறை இருக்கிறது. பஞ்ச் அண்ட் ரோல் என்பார்கள். அப்படிச் செய்தவற்றில் ஒட்டு தெரியாது.

'ப'வில் காற்று மோதினால், மைக் நேருக்கு நேர் இருந்திருக்கிறது. 30-45 டிகிரி சாய்த்து வைத்து, காற்றைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டரை மைக்கிலிருந்து ஐந்தாறு செ.மீ. முன்னால் வைத்திருந்தால் வந்திருக்காது. ஒரு தடவை பதிவாகிவிட்டால் 80-100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம், பாதி போகும், மீதி அங்கேயே இருக்கும்.

அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒலியளவு மாறினால் மாஸ்டரிங், அதாவது கடைசியில் எல்லாவற்றின் ஒலியளவையும் சமப்படுத்தும் வேலை, செய்யவில்லை. ஆடிபிளுக்கு நூல் அனுப்பும் ஏசிஎக்ஸ் தளம் கேட்கும் அளவு: சராசரி ஒலி −23க்கும் −18க்கும் இடையே, உச்சம் −3ஐத் தாண்டக் கூடாது, அமைதியான இடத்தில் இரைச்சல் −60 டெசிபலுக்குக் கீழே. ஒரு கோப்பு 120 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அங்கே வெளியிடாவிட்டாலும் இதைப் பிடித்துக்கொண்டால் கேட்பவர் கை ஒலியளவுப் பொத்தானுக்குப் போகாது.

ஒற்றுப்பிழை · ஜூன் 6, இரவு 9.00

மேலே உள்ளதைப் படித்தபின் என் முதல் குறிப்பை இன்னொரு தடவை புரட்டினேன். 'விழுங்குகிறார்' என்றேனே, அதில் ஒரு பங்கு நாய்ஸ் கேட் கணக்கில் போக வேண்டியது. "வீடு", "காசு", "கிழக்கு" இவற்றின் கடைசி உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரைதான். ஒலியின் பலமும் அங்கே இறங்கிவிடும். கேட் அளவைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் அந்த உகரத்தைத்தான் முதலில் தின்னும். "காச்", "கிழக்க்" என்று நின்றுபோகும். வாசிப்பவர் சொல்லித்தான் இருப்பார். இங்கிலீஷ் பதிவுக்கு வைத்த அமைப்பை அப்படியே தமிழுக்கும் போட்டால் வரும் கோளாறு.

எப்படிப் பிரித்தறிவது? வாக்கிய நடுவில் வரும் உகரம் ஒழுங்காக இருந்து, வாக்கியக் கடைசியில் வரும் உகரம் மட்டும் காணாமல் போனால் கேட். எங்கும் இல்லாவிட்டால் வாசிப்பவர்.

அலைவடிவம் · ஜூன் 6, இரவு 9.20

சரிதான். கேட்டின் ரிலீஸ் நேரத்தை, அதாவது ஒலி இறங்கியபின் அது மூட எடுத்துக்கொள்ளும் நேரத்தை, நீட்டினால் பாதி சரியாகும். கேட்டையே எடுத்துவிட்டால் முழுசாகச் சரியாகும்.

திரைவாசி · ஜூன் 7, காலை 11.45

பார்வையில்லாதவர்களில் பலர் 2-ஐத் தாண்டிய வேகத்தில்தான் திரைவாசிப்பானை, அதாவது திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை, கேட்கிறோம். அதனால் வேகக்காது சொல்வதைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆனால் எந்தக் குரலில் என்று கேளுங்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் வரும் ஈஸ்பீக் போன்ற வறட்டுச் செயற்கைக் குரல். தமிழும் அதில் உண்டு. முதன்முதலாகக் கேட்கிறவருக்கு ரோபோ. வேகம் ஏற்றும்போதுதான் அதன் அருமை தெரியும். அது பதிவு செய்த ஒலியைக் கத்தரிப்பதில்லை, அந்த வேகத்துக்கென்றே எழுத்துகளைப் புதிதாக உருவாக்குகிறது. க, ச, ட, த, ப எல்லாம் கூர்மையாகவே இருக்கும். உணர்ச்சி இல்லை என்பதே வசதி, எந்த வாக்கியமும் எந்த வாக்கியத்தைப் போலவும் ஒரே அச்சில் வரும்.

மின்னஞ்சல், செய்தி, கட்டுரைக்கு அது. நாவலுக்கு மனிதக் குரல், 1.0 முதல் 1.2 வரை. இரண்டும் இரண்டு வேலை. தகவல் வேண்டும்போது வாசிப்பவரே வேண்டாம். கதை வேண்டும்போது வாசிப்பவரைக் கத்தரித்துவிட்டு என்ன கேட்பது?

வேகக்காது · ஜூன் 7, பிற்பகல் 2.10

இது நியாயம். ஆனா நான் 1.5-க்குக் கீழ இறங்க மாட்டேன், இப்பவே சொல்லிடறேன். வாங்கறதுக்கு முன்னாடி ஆள் எப்படின்னு கண்டுபிடிக்க வழி சொல்லுங்க. சாம்பிள்ல எல்லாருமே நல்லாத்தான் இருக்காங்க.

ஒற்றுப்பிழை · ஜூன் 7, இரவு 10.15

சாம்பிள் பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடம். குரல் புதிதாக இருக்கும் நேரம், அதிகமாகத் திருத்திய பகுதி. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சந்தா ஆப் என்றால் முழு நூலும் திறந்திருக்கும். திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தாலும் அப்படியே. நேராக நடுவுக்குப் போங்கள்.

ஒரே பாலைச் சேர்ந்த இரண்டு பேர் பேசும் இடத்தைத் தேடுங்கள். இரண்டு ஆண்கள், அல்லது தாயும் மகளும். கண்ணை மூடிக்கொண்டால் "என்றான்" வரும் முன்பே யார் பேசுவது என்று தெரிய வேண்டும். ஆணும் பெண்ணும் பேசும் இடம் சோதனையே ஆகாது, சுருதியை ஏற்றி இறக்கி யாரும் ஒப்பேற்றிவிடலாம்.

பிறகு நீளமான வர்ணனைப் பத்தி ஒன்று. நான் சொன்ன மூச்சுக் கணக்கை அங்கே பாருங்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே சுருதியில் தொடங்கி ஒரே சரிவில் முடிந்தால் ஆள் வாசிக்கவில்லை, தள்ளிக்கொண்டு போகிறார். இந்த ராகம் பத்து நிமிடத்தில் தெரியாது, இரண்டாவது மணி நேரத்தில் தூங்க வைக்கும்.

கடைசியாக, முடிவுக்கு முந்தைய அத்தியாயத்தில் ஏதோ ஒரு பத்து நிமிடம். முதல் அத்தியாயத்தையும் இதையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். களைப்பு, அவசரம், கரகரப்பு, குரல் மறந்துபோன பாத்திரம், எல்லாம் அங்கே இருக்கும்.

1.5-இல் கேட்பவர் இதையும் 1.5-இலேயே செய்ய வேண்டும். ஒரு வேகத்தில் சோதித்து இன்னொன்றில் கேட்டால் பயனில்லை.

மைக்முன்னாடி · ஜூன் 8, காலை 10.30

குரல் மறந்துபோறது பத்தி. மூணாம் அத்தியாயத்துல ரெண்டு வரி பேசின வக்கீல் பதினெட்டாம் அத்தியாயத்துல திரும்ப வருவார். அவருக்கு என்ன குரல் குடுத்தோம்னு ஞாபகம் இருக்காது. அதுக்குத்தான் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 10-15 நொடித் துண்டு தனிக் கோப்புல எடுத்து, பேர் போட்டு வைக்கிறது. 30 பாத்திரம் இருந்தா 30 துண்டு. அது இல்லாம தொடர் நாவல் எடுக்கிறவங்க ரெண்டாம் பாகத்துல மாட்டிக்குவாங்க.

வித்தியாசம் காட்ட சுருதி கடைசி ஆயுதம். முதல்ல வேகம்: ஒருத்தர் அவசரம், ஒருத்தர் நிதானம். அப்புறம் வாய்: தாடை இறுக்கிப் பேசுறவர், உதடு தளர்ந்து பேசுறவர். அப்புறம் வாக்கியக் கடைசி: தூக்கி விடுறவர், இழுத்து விடுறவர். இந்த மூணுலயே ஆறேழு பேரைப் பிரிச்சுடலாம். ஆம்பிளை நரேட்டர் பெண் பாத்திரத்துக்குக் கீச்சுக்குரல் குடுக்க ஆரம்பிச்சா அது காமெடி டிராக். சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு, மென்மையா, நிதானமா வச்சா போதும்.

வட்டார வழக்குக்கு ஒரே விதி. "வாரீக", "அவுக", "என்னலே"ன்னு எழுத்துலயே வழக்கு இருந்தா எழுதினபடி சொல்லுங்க. அதுக்கு மேல நீங்க வேற ராகம் போட்டா ரெண்டு மடங்காகி நையாண்டி ஆயிடும். அந்த ஊர்ப் பேச்சு காதுல ஊறினவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

ஒற்றுப்பிழை · ஜூன் 8, மாலை 6.05

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. பழைய நாவல்களில் உரையாடலே எழுத்துத்தமிழில் இருக்கும்: "நீ எப்பொழுது வந்தாய்?" இதைச் சிலர் உயிரூட்டுகிறேன் என்று "எப்ப வந்தே?" ஆக்கிவிடுகிறார்கள். அந்த எழுத்தாளரின் பாத்திரங்கள் அந்தத் தமிழில்தான் கோபப்படுகிறார்கள், அந்தத் தமிழில்தான் அழுகிறார்கள். கோபத்தைச் சொல்லின் அழுத்தத்தில் காட்டினால் போதும். மாற்றி வாசிப்பவரின் நூலை நான் பாதியில் விட்டுவிடுவேன்.

திரைவாசி · ஜூன் 9, இரவு 8.50

அடக்கமாக வாசிப்பதா, நடித்து வாசிப்பதா என்ற சண்டை ஒலிநூல் அளவுக்கே பழையது. பேசும் நூல்கள் அமெரிக்காவில் 1934-இலும் பிரிட்டனில் 1935-இலும் பார்வையற்றவர்களுக்காகத் தொடங்கின. பிரிட்டனில் முதல் உலகப்போரில் பார்வை இழந்த படைவீரர்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். வளர்ந்தபின் விரலால் பிரெயில் கற்பது பலருக்கு வசப்படவில்லை. பிரிட்டிஷ் இசைத்தட்டில் பக்கத்துக்குச் சுமார் 25 நிமிடம். இன்றைய 10 மணி நேர நாவல் என்றால் 24 பக்கம், 12 தட்டு. கதை சூடு பிடிக்கும்போது எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும்.

அன்றிலிருந்தே எங்கள் பக்கத்தில் கணிசமானவர்கள் கேட்பது அடக்கமான வாசிப்பை. நூலுக்கும் எனக்கும் நடுவே வந்து அழுதுகாட்ட வேண்டாம், அழுவதா இல்லையா என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதே வாதம்.

வேகக்காது · ஜூன் 10, காலை 7.00

ஏஐ குரல்ல நூல் வர ஆரம்பிச்சிருக்கே, அதுவும் அடக்கமாத்தானே வாசிக்குது? மூச்சும் வாங்காது, களைப்பும் கிடையாது.

ஒற்றுப்பிழை · ஜூன் 10, இரவு 9.35

களைப்பு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். தமிழ் எழுத்து அதற்கு வைத்திருக்கும் பொறி வேறு. நமக்கு க ஒன்றுதான், அது எப்படி ஒலிக்கும் என்பது வாசிப்பவர் தலையில் இருக்கிறது. "பீமன் கதையைச் சுழற்றினான்" என்று கொடுத்துப் பாருங்கள். ஆயுதத்துக்கு வர வேண்டிய ஒலி வராமல், சிறுகதையைக் கையில் எடுத்துச் சுழற்றுவார் பீமன். "பாவம்" முகத்தில் வந்ததா, செய்ததா என்பதும் அதற்குத் தெரியாது. வெளிநாட்டுப் பெயர்களில் இது இன்னும் மோசம். மொழிபெயர்ப்பு நாவலில் நாயகன் பெயரே அத்தியாயத்துக்கு ஒரு மாதிரி வரும்.

மனிதர்களும் தப்பிப்பதில்லை. அதனால்தான் ஒழுங்கான பதிவகங்களில் வாசிப்புக்கு முன்பே உச்சரிப்புப் பட்டியல் போடுவார்கள்: ஆள் பெயர், ஊர்ப் பெயர், வடசொல், பிறமொழிச்சொல், சுருக்கெழுத்து. எழுத்தாளரோ மொழிபெயர்ப்பாளரோ ஒவ்வொன்றையும் தம் வாயால் சொல்லிக் குரல் செய்தியாக அனுப்பினால் வேலை முடிந்தது. எழுதிக் காட்டினால் மறுபடி அதே சிக்கல்தான்.

எண்களும் அப்படியே. "1857-ல்" என்பதை ஏஐ "ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு இல்" என்று இரண்டாக உடைக்கக் கூடும். மனிதர் "ஐம்பத்தேழில்" என்று சேர்ப்பார்.

மைக்முன்னாடி · ஜூன் 11, காலை 9.10

எங்களுக்கு வேலை இன்னும் கொஞ்ச நாள் இருக்குன்னு பீமன் புண்ணியத்துல தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒற்றுப்பிழை · ஜூன் 13, பிற்பகல் 4.45

இரண்டு நாளாகக் காதில் ஓடுவது பொருளாதாரம் பற்றிய நூல் ஒன்று, எழுத்தாளரே வாசித்தது. எழுத்தாளர் வாசிப்பில் அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் விழும். எது கிண்டல், எது நிஜம் என்று சந்தேகம் வராது. பதிலுக்கு வாக்கியக் கடைசிகள் அமுங்கிப் போகும், தாள் புரளும், நாக்கு உலர்ந்த 'ட்ச்' ஒலி சொல்லுக்குச் சொல் கேட்கும். தன்வரலாறு, கட்டுரை என்றால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தம் நாவலைத் தாமே வாசிக்கும் எழுத்தாளர்களிடம் எச்சரிக்கை: எல்லாப் பாத்திரமும் அவராகவே பேசும்.

எண்கள் மிகுந்த நூல்களுக்கு ஒலி வடிவம் ஒத்துவராது. ஒரு வாக்கியத்தில் மூன்றாவது எண் வரும்போது முதலாவது போய்விடும். அட்டவணையை வரி வரியாக வாசித்துத் தொலைக்கிறவர்களும் உண்டு. இணைப்பாகப் பிடிஎஃப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். அடிக்குறிப்பை வாக்கிய நடுவில் செருகாமல் பத்தி முடிவில் சொல்கிறவர் தேவலாம். மேற்கோளாகச் செய்யுள் வந்தால் சீர் பிரித்து ஒரு தரம், பதம் பிரித்து ஒரு தரம் வாசிப்பதே உதவும். சீர் மட்டும் என்றால் தாளம்தான் கேட்கும்.

அலைவடிவம் · ஜூன் 15, இரவு 11.20

பல குரல் நாடக வடிவம் பற்றி யாரும் பேசவில்லை. அதில் பின்னணி இசையே பெரிய வில்லன். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2-லிருந்து 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. வயலினும் புல்லாங்குழலும் அங்கேயே வந்து உட்கார்ந்தால் சொல் மங்கும். ஒலியளவைக் கூட்டுவீர்கள், உடனே இடி இடிக்கும், கதவு அறையும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. தினமும் மணிக்கணக்கில் கேட்கிறவர்களுக்கு இது விளையாட்டல்ல.

வேகக்காதுக்குத் தனியாக ஒன்று: துணுக்கு வெட்டி ஒட்டும் முறை பேச்சுக்கு ஒத்துவரும், நீண்டு ஒலிக்கும் இசைக்கு வராது. 1.5-இல் பின்னணி இசை தள்ளாடும். இசை உள்ள நூலை 1.0-இல் கேளுங்கள், அல்லது கேட்காதீர்கள்.

வேகக்காது · ஜூன் 18, காலை 6.40

மௌனம் தவிர்க்கிறதை ஆஃப் பண்ணிட்டேன். வேகம் 1.5. துப்பறியும் நாவலை வாசிச்சவர் பேரையும் பாத்துட்டேன், "திறந்தே இருந்தது"க்கு அப்புறம் நல்லாவே நிறுத்துறார். ரெண்டு தொல்லை பாக்கி. ஒரு காதுல மட்டும் இயர்பட் போட்டா நாடக வடிவத்துல சில ஆளுங்க காணாமப் போறாங்க. இன்னொண்ணு, எம்பி3-யா இறக்கின நூல்ல ஒண்ணாம் அத்தியாயத்துக்கு அப்புறம் பத்தாம் அத்தியாயம் ஓடுது.

ஒற்றுப்பிழை · ஜூன் 18, காலை 8.30

முதலாவது: குரல்களை இடம் வலம் பிரித்து ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். போனின் அணுகல் வசதி அமைப்பில் மோனோ ஒலி என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஒரே காதில் வரும்.

இரண்டாவது: கோப்புப் பெயர் 1, 2, 10 என்றிருந்தால் அகர வரிசையில் 1, 10, 11, 2 என்றுதான் அடுக்கும். 001, 002, 010 என்று மாற்றுங்கள். மாற்றியும் கலைந்தே ஓடினால் கோப்புக்குள் இருக்கும் ட்ராக் எண் தப்பாக இருக்கிறது, அதை டேக் எடிட்டரில், அதாவது கோப்பின் உள்விவரங்களை மாற்றும் செயலியில், திருத்த வேண்டும். மொத்தத்தையும் ஒரே எம்4பி கோப்பாக்கினால் அத்தியாயப் பெயர்கள் எல்லாம் உள்ளேயே நிற்கும். பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) மோனோ போதும், மணிக்கு 28.8 எம்பி. 192-இல் அதுவே 86.4. மாற்றுவதற்கு முன் மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

அலைவடிவம் · ஜூன் 18, காலை 8.50

64-க்கு மாற்றுவது ஒற்றை வாசிப்புக்கு மட்டும். இசையுள்ள நாடக வடிவத்தை ஸ்டீரியோவிலேயே 128-இல் வையுங்கள். மோனோவைப் போன் பார்த்துக்கொள்ளும்.